மூன்றாம் எண் சரிவு

டிசம்பர் 27, சனி

இந்த நோட்டைச் சமூக அறிவியலுக்கு என்று வைத்திருந்தேன். முதல் நான்கு பக்கங்களில் முதல் உலகப் போர் இருக்கிறது. அதை அப்படியே விட்டுவிட்டு இங்கிருந்து தொடங்குகிறேன்.

இரவில்தான் எழுத முடியும். பகலில் நோட்டைத் திறந்தால் யாராவது மனு நிரப்பித் தரச் சொல்லி வந்துவிடுவார்கள். மரம் காக்க என்று வந்திருக்கும் கம்பெனி வீட்டுக்கு ஒன்றாகக் கொடுத்த சூரிய விளக்கைப் போர்வைக்குள் வைத்துக்கொண்டால் வெளிச்சம் வெளியே போவதில்லை. எழுதி முடித்ததும் விதைச் சாமைப் பானையின் வைக்கோல் பிரிமணைக்குக் கீழே செருகிவிடுவேன். விதைப்புக்கு முன்னால் அந்தப் பானையை யாரும் தொட மாட்டார்கள்.

இன்று நான் தப்பு ஒன்றும் செய்யவில்லை. அதை முதலில் எழுதி வைக்கிறேன்.

ஜெயசீலன் சார் காலையில் பைக்கில் வந்தார். அவர் கம்பெனியின் ஆள், அடிவாரத்து டவுனில் இருந்து வருகிறார். எங்கள் ஆவாரங்கொல்லையைச் சுற்றியுள்ள, மரம் மூடிய மலைச் சரிவுகளை எல்லாம் போனில் பதிய வேண்டும், படிக்கத் தெரிந்த ஊர்ப் பிள்ளை ஒன்று கூட வர வேண்டும் என்றார். ஊர்க்கவுண்டர் என்னைக் காட்டினார். போனில் என் பெயரைப் போட்டு, வயது என்ற இடத்தில் பதினெட்டு என்று சார் அடித்தார். எனக்குப் பதினைந்து. அது சும்மா ஒரு எண்தான் என்றார்.

அரையாண்டு விடுமுறை என்பதால் போனேன். ஒவ்வொரு சரிவிலும் நின்று நான்கு மூலைகளைத் தொட வேண்டும். பிறகு போன் கேட்கும்: இந்த நிலத்தை யார் பயன்படுத்துகிறார்கள்? சார் அங்கே நிற்பவர்களைக் கேட்பார். அவர்கள் சொல்வதை நான் தொட வேண்டும். எல்லோரும் ஒன்றையேதான் சொன்னார்கள்.

"சாமியுதுங்க."

நான் "உரிமை கோருபவர் எவருமில்லை" என்பதைத் தொட்டேன். மூன்றாம் எண் சரிவில் அம்மா விறகுக் கட்டோடு வந்துகொண்டிருந்தாள். சார் அவளையும் கேட்டார். அம்மாவும் சாமியுது என்றாள்.

இன்றைக்கு மட்டும் பத்தொன்பது சரிவுகள். சார் என்னை வேகமான பெண் என்றார்.

டிசம்பர் 28, ஞாயிறு

மீதி பத்தொன்பதும் முடிந்தன. மொத்தம் முப்பத்தெட்டு.

கொத்துக்காடு என்றால் என்ன என்று சார் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. இங்கே எழுதுகிறேன். ஏர் ஓடாத செங்குத்துச் சரிவைக் கொத்திச் சாமை விதைப்போம். மூன்று வருடம் விதைத்தபின் ஆறு வருடம் படுக்க வைப்போம். அந்த ஆறு வருடமும் செடியும் மரமும் தானாக ஏறிக்கொள்ளும். பார்ப்பவர்களுக்கு அது வெறும் காடாகத் தெரியும். எல்லை மரங்களை வைத்து எந்தச் சரிவு எந்த வீட்டினுடையது என்று எங்கள் ஊரில் ஐந்து வயதுப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் யாரும் சொல்ல மாட்டார்கள். காடு படுத்திருக்கும்போது அதன்மேல் வீட்டுப் பேரைச் சொல்லக் கூடாது. சொன்னால் விழித்துக்கொள்ளும். ஆறு வருடம் முடிந்தபின் விதையைக் கையில் வைத்துக்கொண்டு போய், தேங்காய் உடைத்து, வீட்டுப் பேரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும். விதை இல்லாமல் கூப்பிட்டால் அந்த ஆறு வருடமும் வீண். முதலிலிருந்து படுக்க வைக்க வேண்டும். அதுவரைக்கும் அது சாமியுது.

வீட்டுக்கு வந்ததும் ஒரு காரியம் செய்தேன். இந்த நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒன்றிலிருந்து முப்பத்தெட்டு வரை எண் போட்டு, ஒவ்வொன்றுக்கும் நேராக உண்மையான வீட்டுப் பேரை எழுதினேன். ஏன் எழுதினேன் என்று தெரியவில்லை. போனில் ஒரே பதில் முப்பத்தெட்டு முறை இருந்தது கண்ணுக்குள்ளேயே நின்றது.

எழுதினால் காடு விழிக்குமா என்று யாரும் சொன்னதில்லை. எங்கள் ஊரில் இதுவரை யாரும் எழுதியதில்லை.

மூன்று: மாதம்மாள் வீடு. அது என் அம்மா.

ஜனவரி 4, ஞாயிறு

அப்பா போன் செய்தார். குடகில் காப்பித் தோட்டத்தில் இருக்கிறார். மூன்று வருடமாக அங்கேதான். வரும் சித்திரையோடு மூன்றாம் எண்ணுக்கு ஆறு வருடம் முடிகிறது. விதைப்புக்கு வந்தால் அறுப்பு முடியும்வரை வீட்டிலேயே இருப்பேன் என்று போன வருடமே சொல்லியிருக்கிறார். போனில் யாரும் சரிவைப் பற்றிப் பேசுவதில்லை. விதைச் சாமையில் பூச்சி விழுந்ததா என்று மட்டும் கேட்டார். இல்லை என்று அம்மா சொன்னாள்.

நாளைக்குப் பள்ளிக்கூடம்.

ஜனவரி 26, திங்கள்

கொடியேற்றிவிட்டுக் கிராம சபைக்கு வந்தோம். கம்பெனி பந்தல் போட்டு, ஆளுக்கொரு பொட்டலம் தக்காளிச் சோறு கொடுத்தது.

ஜெயசீலன் சார் படம் வைத்து விளக்கினார். தூரத்து ஊர்களில் ஆலைகள் புகை விடுகின்றன. நம் மரங்கள் அந்தப் புகையில் உள்ள கரியைப் பிடித்து வைக்கின்றன. எவ்வளவு பிடித்தன என்று கணக்கிட்டு ஆலைக்காரர்களுக்கு விற்கலாம். அதற்குக் கார்பன் வரவு என்று பெயர். வருவதில் ஊருக்கும் பங்கு உண்டு.

ராஜகிளி அத்தை எங்கள் பக்கத்து வீடு. அவள் எழுந்து நின்றாள்.

"ஏன் சார், காத்தை விக்கிறீங்களே, எந்தப் படியில அளப்பீங்க? கோபுரம் கட்டியா, தலை தட்டியா?"

எல்லோரும் சிரித்தார்கள். சாரும் சிரித்து, தலை தட்டித்தான் என்றார். அப்படியானால் நமக்கு நஷ்டம்தான் என்று சொல்லிவிட்டு அத்தை உட்கார்ந்தாள்.

பிறகு தீர்மானத்தை வாசிக்க வேண்டும். ஊர்க்கவுண்டர் சடையனுக்குப் பொடி எழுத்து தெரியாது. என்னை வாசிக்கச் சொன்னார். மூன்று பக்கம். முப்பத்தெட்டுச் சரிவுகளை முப்பது வருடத்துக்கு மரக்காப்புக்கு விடுவது. அந்தச் சரிவுகளில் வெட்டுவதோ தீ வைப்பதோ விதைப்பதோ கூடாது. பயன்பாட்டு உரிமை பதிவானவர்களுக்கு வருவாயில் பங்கு. நான் எல்லாவற்றையும் சத்தமாக வாசித்தேன். ஒரு வரியையும் விடவில்லை. "இச்சரிவுகளில் உரிமை கோருபவர் எவருமில்லை" என்ற இடம் வந்தபோது யாரும் திடுக்கிடவில்லை. ஊர்க்கவுண்டர் தலையை ஆட்டி, அப்படித்தான் சொல்ல வேண்டும் என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். வெளியூர்க்காரர்கள் நம் முறையை மதித்து எழுதியிருக்கிறார்கள் என்று நினைத்திருப்பார்.

விதைப்பது கூடாது என்ற வரியை யாரும் கேட்கவில்லையா, அல்லது படுத்திருக்கும் காட்டில் யாரும் விதைப்பதில்லையே என்று விட்டுவிட்டார்களா, தெரியவில்லை.

எல்லோரும் கையெழுத்தோ கைநாட்டோ வைத்தார்கள். அம்மா கைநாட்டு. மை போகச் சீயக்காய் தேய்த்தாள்.

ஜனவரி 27, செவ்வாய்

அரையாண்டுத் தேர்வில் தமிழில் எண்பத்தொன்று.

பிப்ரவரி 14, சனி

சரிவுகளில் மஞ்சள் பலகைகள் நட்டிருக்கிறார்கள். மூன்றாம் எண்ணிலும் ஒன்று. ஆடுகள் அதில் முதுகு உரசுகின்றன.

பிப்ரவரி 22, ஞாயிறு

தீர்த்தகிரி மாமாவின் சரிவுக்கு ஆறு வருடம் முடிந்துவிட்டது. மாமா அம்மாவின் தம்பி. இன்று விதை எடுத்துப்போய்க் கூப்பிட்டார். நாங்களும் போயிருந்தோம். தேங்காய் நேராக உடைந்தது. மாமா மூன்று முறை தன் வீட்டுப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். எதிர் மலையில் பட்டுத் திரும்பி வந்தது. ராஜகிளி அத்தை, மாமாவின் குரலுக்குக் காடு விழித்தால்தான் அதிசயம், எருமை வேண்டுமானால் விழிக்கும் என்றாள். மாமா சிரித்துக்கொண்டே கொடுவாளை எடுத்து முதல் புதரை வெட்டினார்.

போனில் அந்தச் சரிவின் எண் பதினேழு.

பிப்ரவரி 24, செவ்வாய்

பள்ளியிலிருந்து வரும்போது ஊரே மாமா வீட்டில் நின்றது. கம்பெனி வைத்த காவல்காரர்கள் மதியம் வந்து படம் பிடித்தார்களாம். பிறகு போலீஸ் ஜீப் வந்தது. கொடுவாளையும் மாமாவையும் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். எங்கள் காடு என்று மாமா சொல்லியிருக்கிறார். அப்படி எந்தப் பதிவும் இல்லை என்று போனைக் காட்டியிருக்கிறார்கள்.

அம்மா என்னிடம் கேட்டாள்.

"நீதானே கூடப் போன. என்னன்னு பதிஞ்சீங்க?"

நீங்கள் சொன்னதைத்தான் என்று சொன்னேன். அது உண்மை.

பிப்ரவரி 25, புதன்

சாப்பிடவில்லை. வயிற்று வலி என்று சொன்னேன்.

பிப்ரவரி 28, சனி

போன் கேட்ட அந்தக் கேள்விக்குக் கீழே இன்னொரு பதிலும் இருந்தது. சின்ன எழுத்தில் இருந்தது. வெயிலில் போன் திரை சரியாகத் தெரியாது.

மார்ச் 6, வெள்ளி

மாமா இன்னும் வரவில்லை. மனு போட ஊர்க்கவுண்டரும் இரண்டு பேரும் கீழே ஸ்டேஷனுக்குப் போய்விட்டு வந்தார்கள். நிலம் உங்களுடையது என்றால் ஏன் எவருமில்லை என்று தீர்மானத்தில் கைநாட்டு வைத்தீர்கள் என்று கேட்டிருக்கிறார்கள். பதில் சொல்லப் போனால் மற்ற சரிவுகளின் பேரைச் சொல்ல வேண்டிவரும்.

இந்த வருடம் விதைக்க வேண்டியவை ஒன்பது சரிவுகள். எங்களுடையதும் அதில் ஒன்று. அந்த ஒன்பது வீட்டுக்காரர்களும் இப்போது மேலே போவதில்லை.

ஆடு ஒன்று குட்டி போட்டது. வெள்ளைக் குட்டி. பேர் வைக்கவில்லை.

மார்ச் 12, வியாழன்

மாமா வந்துவிட்டார். ஜாமீன். வாரம் ஒருமுறை போய்க் கையெழுத்துப் போட வேண்டும். தின்ன எதைக் கொடுத்தாலும் அப்புறம் என்கிறார். அம்மா அவருக்கு எண்ணெய் தேய்த்துவிட்டாள். மாமா தலையைக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

போகும்போது என்னைப் பார்த்து, பரீட்சைக்கு நன்றாகப் படி என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மார்ச் 17, செவ்வாய்

இன்று பஸ் நிறுத்தத்தில் ஜெயசீலன் சார் இருந்தார். மற்ற பெண்கள் கடைக்குள் போயிருந்தார்கள். எனக்கு ஒரு பன் வாங்கிக் கொடுத்தார். அவரும் மெலிந்திருக்கிறார். ஏப்ரலில் சரிபார்க்க வெளியிலிருந்து ஆள் வருகிறார்கள், அவர்கள் சரி என்றால்தான் விற்க முடியும், மேலே அவரை நெருக்குகிறார்கள் என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"பதிவு பூரா உன் பேர்லதான் இருக்கும்மா. வயசு பதினெட்டுன்னு இருக்கு. தப்புன்னு யாராச்சும் கெளப்புனா, பொய்யா பதிஞ்சது யாருன்னுதான் முதல்ல கேப்பாங்க. பத்தாவது எழுதப் போற. எதுக்கு உனக்கு?"

வயதை நீங்கள்தானே அடித்தீர்கள் என்று நான் சொல்லவில்லை. சரி சார் என்றேன். பன்னைப் பையில் போட்டுக்கொண்டேன். வீட்டுக்கு வரும்போது அது புத்தகத்தில் ஒட்டியிருந்தது.

மார்ச் 18, புதன்

எழுத ஒன்றுமில்லை. மாமாவை ஏற்றிப்போன ஜீப்பின் சத்தம் போலவே இன்று ஒரு வண்டி போனது. எழுந்து உட்கார்ந்தேன். தண்ணீர் லாரி.

மார்ச் 22, ஞாயிறு

அப்பா போன் செய்தார். சித்திரை ஒன்றாம் தேதி காலையில் வந்து இறங்குவேன் என்றார். முதலாளியிடம் சொல்லிவிட்டாராம். அம்மா எதையும் சொல்லவில்லை, வாங்க என்று மட்டும் சொன்னாள். மாமா விஷயம்கூடச் சொல்லவில்லை.

போனை வைத்துவிட்டு விதைப் பானை இருக்கும் மூலையைப் பார்த்தாள். பிரிமணைக்கு வெளியே நோட்டின் ஓரம் கொஞ்சம் தெரிந்தது. அவள் அதைப் பார்த்தாளா என்று எனக்குத் தெரியவில்லை. இன்று நன்றாக உள்ளே தள்ளி வைக்க வேண்டும்.

மார்ச் 29, ஞாயிறு

கணக்குப் பரீட்சைக்குப் படிக்க வேண்டும். ஆனால் முதலில் இதை எழுதிவிடுகிறேன்.

போனில் பதிந்த அன்று வெயில் இல்லை. திரை நன்றாகத் தெரிந்தது.

உரிமை கோருபவர் எவருமில்லை என்பதற்குக் கீழே, "விட்டுவிட்டுப் பயிர் செய்யப்படுகிறது" என்று இருந்தது. முதல் சரிவில் நான் அதைத்தான் தொட்டேன். உடனே பதினொரு புதுக் கேள்விகள் வந்தன. எத்தனை வருடம், எந்தப் பயிர், எல்லை எது, சாட்சி யார். சார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இப்படி ஒவ்வொன்றுக்கும் பதினொன்று என்றால் பொங்கல் வரைக்கும் இங்கேதான் என்றார். சீக்கிரம் முடித்தால் பைக்கில் ஊர்வரை கொண்டுவிடுகிறேன் என்றார். நான் போனில் பின்னால் போய், மேலே இருந்ததைத் தொட்டேன்.

மூன்றாம் எண்ணில் அம்மா பதில் சொன்னபிறகு சார் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"நெசமாவே யாரும் இல்லையாம்மா?"

"இல்ல சார்."

அம்மா பக்கத்தில் நின்றாள். அவள் எதிரில் பேரைச் சொல்ல முடியாது என்பதால்தான் அப்படிச் சொன்னேன் என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். பேரைச் சொல்ல வேண்டியதில்லை. கீழே இருந்ததைத் தொட்டிருந்தால் போதும். விரல்தானே. எனக்குக் கால் வலித்தது. பைக்கில் வர ஆசையாக இருந்தது.

பைக்கில் வந்தேன். காற்று நன்றாக இருந்தது.

ஏப்ரல் 1, புதன்

கணக்குப் பரீட்சை. இரண்டு ஐந்து மதிப்பெண் கேள்விகளை விட்டுவிட்டேன்.

ஏப்ரல் 7, செவ்வாய்

பரீட்சைகள் முடிந்தன. ஊர் விளக்குக் கம்பத்தில் அறிவிப்பு ஒட்டியிருக்கிறார்கள். வரும் சனிக்கிழமை சரிபார்ப்புக் கூட்டம். என்னைத்தான் வாசிக்கச் சொன்னார்கள். ஆட்சேபம் இருப்பவர்கள் கூட்டத்தில் சொல்லலாம், அதன்பிறகு ஏற்றுக்கொள்ளப்படாது என்று இருந்தது. இரண்டு முறை வாசித்தேன்.

யார் சொல்வது என்று ஊர்க்கவுண்டர் கேட்டார். அவருக்கே இரண்டு சரிவுகள் படுத்திருக்கின்றன. சொன்னால் நான்கு வருடத் தூக்கம் போய்விடும். எல்லோரும் தரையைப் பார்த்தார்கள்.

என்னிடம் கடைசிப் பக்கம் இருக்கிறது. அதைக் காட்டினால் யாரும் வாய் திறக்க வேண்டியதில்லை. இது எனக்கு இன்று தோன்றியதல்ல. மாமாவை ஏற்றிப் போன அன்றே தோன்றியது.

ஏப்ரல் 10, வெள்ளி

நாளை நோட்டைப் பையில் வைத்துக்கொள்வேன். வைத்துக்கொள்வது மட்டும்தான். கொடுப்பதா என்பதை அங்கே போய்ப் பார்க்கலாம்.

ஏப்ரல் 11, சனி

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

கூட்டம் பள்ளிக்கூடத்து வராந்தாவில். பெங்களூரிலிருந்து ஒரு மேடம் வந்திருந்தார். வேறு ஊர் வாசனையோடு தமிழ் பேசினார். ஜெயசீலன் சார் கோப்புகளோடு பக்கத்தில். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் பின்னால். நான் தூணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். பை மடியில். ஜிப்பைப் பாதி திறந்து வைத்திருந்தேன்.

மேடம் பட்டியலை வாசித்தார். முப்பத்தெட்டு இடத்திலும் பயன்படுத்துபவர் யாருமில்லை, சரிதானா என்று கேட்டார். மாமா மட்டும் எழுந்து, பதினேழு எங்களுடையது என்றார். விதையோடு கூப்பிட்ட காடு என்பதால் அவர் சொல்லலாம். ஜெயசீலன் சார் மேடத்திடம் குனிந்து, இவர்மேல் ஆக்கிரமிப்பு வழக்கு இருக்கிறது, அதனால் அப்படித்தான் சொல்வார் என்றார். மாமா உட்கார்ந்துவிட்டார்.

மேடம் மறுபடியும் கேட்டார். இன்று அவர் கையெழுத்துப் போட்டால் முப்பது வருடத்துக்கு மாற்ற முடியாது என்றார். எல்லோரும் ஊர்க்கவுண்டரைப் பார்த்தார்கள். பதிவு செய்தது யார் என்று அவர் கேட்டபோது, சார் என் பக்கம் கையை நீட்டினார்.

"இந்த ஊர்ப் பொண்ணுதான் மேடம். இங்கயே இருக்கு, கேளுங்க."

நான் எழுந்து நின்றேன். ஒவ்வோர் இடத்திலும் கேட்டாயா, யாருமே இல்லை என்றா சொன்னார்கள், நீயும் இந்த ஊர்தானே, உனக்குத் தெரியாதா என்று மேடம் கேட்டார். அவர் கோபமாகக் கேட்கவில்லை. கை பைக்குள் இருந்தது. நோட்டின் அட்டை விரலில் பட்டது. கை வெளியே வரவில்லை. எதிர்ச் சுவரில் திருக்குறள் எழுதும் கரும்பலகையில் பழைய தேதி அழியாமல் இருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். ராஜகிளி அத்தை பின்னால் இருமினாள்.

அப்போது அம்மா எழுந்தாள்.

"அவளக் கேக்காதீங்க. சின்னப் பொண்ணு. மூணாவது சரிவு என்னுது. மாதம்மா வீட்டுக் காடு."

மெதுவாகச் சொல்லவில்லை. மலையில் நின்று கூப்பிடுகிற குரலில் சொன்னாள். ஊர்க்கவுண்டர் தோளில் இருந்த துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். ராஜகிளி அத்தை மட்டும் அடிக்குரலில் பேசினாள்.

"வெறுங்கையோட கூப்ட்டியேடி."

"கூப்ட்டாச்சி," என்றாள் அம்மா.

மேடம் எழுதிக்கொண்டார். இதை ஏன் முன்பே சொல்லவில்லை என்று கேட்டார். படுத்திருக்கும்போது பேர் சொல்லக் கூடாது என்று அம்மா சொன்னாள். மேடத்துக்குப் புரியவில்லை. அம்மா என்னைப் பார்த்தாள். அதற்குப் பிறகுதான் எனக்கு வாய் வந்தது. கொத்துக்காடு, மூன்று வருடம், ஆறு வருடம், விதை, தேங்காய் எல்லாவற்றையும் சொன்னேன். போனில் கீழே இருந்த பதிலையும், பதினொரு கேள்விகளையும், நான் பின்னால் போய்த் தொட்டதையும் சொன்னேன். பிறகு நோட்டை எடுத்துக் கடைசிப் பக்கத்தைத் திறந்து கொடுத்தேன்.

மேடம் அதை நெடுநேரம் பார்த்தார். ஊர்க்கவுண்டரிடம், நான் வாசித்தால் நீங்கள் ஆமாம் இல்லை என்று தலையசைத்தால் போதுமா என்று கேட்டார். அவர் யோசித்தார். வெளியூர் ஆளின் வாய், காகிதத்தில் பார்த்து வாசிப்பது, நம் வாயிலிருந்து வரவில்லை, விழிக்காது என்று முடிவு சொன்னார். மேடம் ஒன்றிலிருந்து வாசித்தார். மூன்றையும் பதினேழையும் விட்டு முப்பத்தாறு. அந்தந்த வீட்டுக்காரர்கள் தரையைப் பார்த்துக்கொண்டே தலையை அசைத்தார்கள். ராஜகிளி அத்தை தன் எண் வந்தபோது மூச்சைப் பிடித்துக்கொண்டு அசைத்தாள்.

எல்லாம் முடிந்தபின் எனக்கு என்ன வயது என்று மேடம் கேட்டார். பதினைந்து என்றேன். அவர் ஜெயசீலன் சாரைப் பார்த்தார். சார் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். காதுகள் சிவந்திருந்தன. எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. எதுவும் வரவில்லை.

மேடம் கையெழுத்துப் போடவில்லை. எல்லாச் சரிவுகளையும் மறுபடி அளக்க வேண்டும், அதுவரை எதையும் விற்கக் கூடாது, வழக்கமான விதைப்பைத் தடுக்கக் கூடாது, பங்கு யாருக்கு என்று ஊரோடு பேசி எழுத வேண்டும் என்று அறிக்கை கொடுப்பாராம். மாமாவின் வழக்கு வேறு, ஆனால் அதற்கும் ஒரு கடிதம் தருவதாகச் சொன்னார். பக்கத்தைப் படம் பிடித்துக்கொண்டு நோட்டைத் திருப்பிக் கொடுத்தார்.

வெளியே வந்ததும் ஆட்கள் என்னைச் சுற்றி நின்றார்கள். எட்டு வீடுகள் இந்தச் சித்திரையில் விதைக்கலாம். ஊர்க்கவுண்டர் என் தலையில் கை வைத்தார். அம்மா அதற்குள் ஆட்டுக்குத் தழை ஒடிக்கப் போய்விட்டாள்.

ஏப்ரல் 12, ஞாயிறு

காலையில் அப்பா போன் செய்தார். இந்த வருடம் வர வேண்டாம், மழைக்காலம் முடியும்வரை அங்கேயே இருங்கள் என்று அம்மா சொன்னாள். அப்பா ஏன் என்று கேட்டிருக்க வேண்டும். காடு முழித்துவிட்டது என்றாள். பிறகு போனை என்னிடம் கொடுத்தாள். பரீட்சை எப்படி என்று அப்பா கேட்டார். நன்றாக எழுதியிருக்கிறேன் என்றேன்.

மூன்றாம் எண் இனி ஆறு வருடம் கழித்துத்தான். அப்போது எனக்கு இருபத்தொன்று.

மதியம் அம்மா மூலையில் இருந்த விதைப் பானையை இறக்கினாள். முறத்தில் கொட்டிப் புடைத்தாள். பூச்சி ஒன்றுகூட இல்லை. உரலில் போட்டுக் குத்தி, உமி ஊதி, உலை வைத்தாள். நான் அடுப்பில் விறகு தள்ளினேன். விதைச் சாமையை நான் இதுவரை சாப்பிட்டதில்லை. யாரும் சாப்பிட மாட்டார்கள். பெரிய மணியாக இருந்தது. வாசனையாக இருந்தது. கீரை கடைந்து ஊற்றினாள்.

இரண்டு பேரும் உட்கார்ந்து சாப்பிட்டோம். பாதியில் அம்மா கேட்டாள்.

"அந்த நோட்டு, பானைக்கு அடியில இருந்ததுதானே?"

"ஆமாம்மா."

"பாடம் எழுதறன்னு நெனச்சேன்." கொஞ்சம் தண்ணீர் குடித்தாள். "அந்தப் பேரெல்லாம் எப்ப எழுதுன?"

"மார்கழியில."

அம்மா என் தட்டைப் பார்த்தாள். இன்னொரு கரண்டி சோறு வைத்தாள். நான் அதையும் சாப்பிட்டேன்.